சொட்டுவது ஓரிடம், ஒழுகுவது வேறிடம்



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டதும் எங்கள் வகுப்பில் ஒருவன் ரோபோ பற்றி எழுதப் போவதாகச் சொன்னான். இன்னொருவன் மின்சாரக் கார் என்றான். எனக்குத் தெரிந்தது எங்கள் வீட்டு வாசலில் நிற்கும் ஒரு பழைய அம்பாசிடர் கார்தான். அதன் அடியில் படுத்து நான் கற்றுக்கொண்டதை எழுதுகிறேன். உங்கள் வீட்டில் கார் இல்லாவிட்டாலும் மாமா வீட்டில் மாருதி இருக்கலாம், பெரியப்பாவிடம் லோடு வண்டி இருக்கலாம். முறை எல்லாவற்றுக்கும் ஒன்றுதான்.

முதலில் அந்தக் கார் எங்களுக்கு எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன். அப்பா டிரைவர். ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். பல வருஷம் ஒரு குடும்பத்துக்குக் கார் ஓட்டினார். நம்ம காரைக்காலில் பிரான்சோடு உறவுள்ள குடும்பங்கள் நிறைய என்பது உங்களுக்குத் தெரியும். அந்த வீட்டு ஐயாவும் பிள்ளைகளோடு இருக்க அங்கேயே போய்விட்டார். போகும்போது 1996-ஆம் வருஷத்து டீசல் அம்பாசிடரை, "நீயே வச்சுக்க" என்று அப்பா பெயருக்கு மாற்றிக் கொடுத்தார். அப்பா இப்போது ஆக்டிங் டிரைவராக மற்றவர்கள் வண்டியை ஓட்டுகிறார். இது மட்டும் எங்கள் சொந்த வண்டி.

அம்பாசிடர் என்பது இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு காரை மூலமாக வைத்து வந்தது. ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் மேற்கு வங்காளத்தில் உத்தர்பாரா ஆலையில் இதைத் தயாரித்தது. 2014 மே மாதத்தோடு உற்பத்தி நின்றது. முன்னால் என்ஜின், பின்னால் பட்டை ஸ்பிரிங், நடுவில் நீளமான புரொபெல்லர் ஷாஃப்ட். நாம் பாடத்தில் வரைகிற படம் அப்படியே சக்கரம் கட்டி நிற்கிற மாதிரி இருக்கும்! படிக்கிற பையனுக்கு இதைவிட நல்ல வாத்தியார் கிடையாது.

சென்ற மழைக்காலத்தில் வண்டியின் கீழே கறுப்பாக எண்ணெய் சொட்ட ஆரம்பித்தது. ஓட்டினால் அடியில் கடகடவென்று சத்தமும் வந்தது. ஒரு ஒர்க்‌ஷாப்பில் காட்டினோம். "கிராங்க் பின்பக்கம் ஆயில் போகுது, என்ஜினை இறக்கணும், 22,000 ரூபாய் ஆகும்" என்றார்கள். அப்பா ஒன்றும் பேசவில்லை. வீட்டுக்கு வந்து, "எடைக்குப் போட்டுடலாம்" என்றார். அந்த நேரம் அக்கா பிரசவத்துக்காக எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். நடுராத்திரி வலி எடுத்தால் வண்டிக்கு எங்கே ஓடுவது என்பதுதான் அம்மாவின் கவலை.

"அப்பா, ஒரு வாரம் டைம் குடுங்க, நான் பார்க்கிறேன்" என்றேன். அப்பா சிரித்தார். ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை.

உயிர் முதலில், வண்டி பிறகு

கீழே படுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி ஒருபோதும் வண்டிக்கு அடியில் போகக் கூடாது. ஜாக்கி தூக்குவதற்கு, தாங்குவதற்கு அல்ல. தாங்குவதற்கு ஸ்டாண்டு வேண்டும். செங்கல்லையும் ஹாலோ பிளாக்கையும் அடுக்கித் தாங்கல் கொடுப்பது நம் பக்கம் சர்வ சாதாரணம். அவை ஒரே நொடியில் நொறுங்கிவிடும், எச்சரிக்கை கொடுக்காது. மணல் தரையும் மழை ஊறிய தரையும் ஆகவே ஆகாது.

அம்பாசிடர் உயரமான வண்டி. பார்ப்பதற்கு மட்டும் என்றால் தூக்கவே வேண்டாம். சமமான கெட்டித் தரையில் நிறுத்தி, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் மரக்கட்டை கொடுத்து, சாக்கு விரித்துப் படுத்தாலே பாதி விஷயம் தெரியும். என்ஜின் ஓடும்போது அடியில் போகாதீர்கள். சைலன்சர் ஆறட்டும். மூடிய ஷெட்டில் என்ஜினை ஓடவிடாதீர்கள், அந்தப் புகை ஆளைக் கொல்லும். தனியாகச் செய்யாதீர்கள், பக்கத்தில் ஒருவர் இருக்கட்டும். எனக்கு அப்பா ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார்.

ஒழுகுவது என்ன?

எங்கிருந்து ஒழுகுகிறது என்று தேடுவதற்கு முன், ஒழுகுவது என்ன என்று தெரிய வேண்டும். பழைய காரில் ஐந்தாறு திரவங்கள் இருக்கின்றன. ஒரு வெள்ளை அட்டையை அடியில் வைத்து ஒரு சொட்டுப் பிடியுங்கள்.

என்ஜின் ஆயில்: டீசல் வண்டியில் கொஞ்ச நாளிலேயே கறுத்துவிடும். விரலில் வழவழ என்றிருக்கும்.

கியர் ஆயில்: என்ஜின் ஆயிலைவிடக் கெட்டி. பின் ஆக்சில் ஆயிலுக்குக் கந்தகம் கலந்த ஒரு நாற்றம் உண்டு. ஒருமுறை முகர்ந்தால் ஆயுசுக்கும் மறக்காது.

டீசல்: வாசனையே காட்டிக் கொடுத்துவிடும். அட்டையில் வேகமாகப் பரவும்.

ரேடியேட்டர் தண்ணீர்: கூலன்ட் கலந்திருந்தால் பச்சை, சிவப்பு என்று நிறம் இருக்கும், இனிப்பு வாசம் வரும். அந்தக் கால மெக்கானிக்குகள் சிலர் நாக்கில் வைத்துப் பார்ப்பார்கள். அது விஷம், நீங்கள் செய்யாதீர்கள்!

பிரேக் ஆயில்: பெயர்தான் ஆயில், உண்மையில் சாதாரண எண்ணெய் அல்ல. தண்ணீரோடு கலந்துவிடும். பெயின்ட் மேல் பட்டால் பெயின்டை உரித்துவிடும்.

இந்தக் கடைசி வித்தியாசத்தை வைத்து வீட்டிலேயே ஒரு பரிசோதனை செய்யலாம். பழைய கண்ணாடி டம்ளரில் தண்ணீர் எடுத்து, சந்தேகமான திரவத்தில் ஒரு சொட்டு விடுங்கள். என்ஜின் ஆயிலோ கியர் ஆயிலோ மேலே மிதக்கும். பிரேக் ஆயில் கரைந்துவிடும். அந்த டம்ளரை மறுபடி சமையலறைக்குக் கொண்டு போகாதீர்கள், எனக்கு விழுந்த திட்டு உங்களுக்கும் விழும்.

எங்கிருந்து ஒழுகுகிறது?

இங்கேதான் நான் கோட்டை விட்டேன். முதல் நாள் இரவு அடியில் அட்டை விரித்து வைத்தேன். காலையில் பெல் ஹவுசிங்குக்கு நேர் கீழே கறுப்பு வட்டம். என்ஜினும் கியர் பாக்ஸும் சேரும் இடம் அது. கறுப்பு என்றால் என்ஜின் ஆயில். அந்த இடத்தில் என்ஜின் ஆயில் என்றால் கிராங்க் பின்பக்கம்தான். ஒர்க்‌ஷாப் சொன்னது சரி! நோட்டில் படம் வரைந்து அப்பாவுக்கு விளக்கமும் கொடுத்தேன். அப்பா படத்தைப் பார்த்துவிட்டு, "மேல எல்லாம் ஈரமா இருக்கே, அது எங்கேர்ந்து வந்துச்சு?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

எண்ணெய் கீழ்நோக்கி வழியும். வண்டி ஓடும்போது காற்று அதைப் பின்னோக்கித் தள்ளும். ஆகவே சொட்டுகிற இடம் என்பது அந்தப் பயணத்தின் கடைசி ஸ்டாப். புறப்பட்ட இடம் அதற்கு மேலேயோ முன்னாலேயோ இருக்கும். நனைந்த இடங்களில் மிக உயரமானது எது, மிக முன்னால் இருப்பது எது என்று தேடுவதுதான் முறை.

அழுக்கு படிந்த என்ஜினில் இது தெரியாது. அதனால் இப்படிச் செய்யுங்கள்.

ஒன்று, என்ஜின் ஆறியதும் மண்ணெண்ணெயோ டீசலோ தொட்டு, பழைய பெயின்ட் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுங்கள். பிறகு சோப்புத் தண்ணீர். டைனமோ, ஸ்டார்ட்டர், ஒயர்கள் மீது தண்ணீர் படாமல் பிளாஸ்டிக் பை கட்டுங்கள். நன்றாகக் காயவிட்டுத் துணியால் துடையுங்கள். வழிகிற அழுக்கை ஒரு தட்டில் பிடியுங்கள், வாய்க்காலில் விடாதீர்கள். அந்தத் தண்ணீர் அரசலாற்றுக்குத்தான் போகும்.

இரண்டு, காய்ந்த இடத்தில் முகத்துக்குப் போடும் டால்கம் பவுடரைத் தூவுங்கள். நான் பூஜை அலமாரியிலிருந்து திருநீறு எடுக்கப் போய் அம்மாவிடம் மாட்டிக்கொண்டேன். பவுடர் போதும்.

மூன்று, கொஞ்ச தூரம் ஓட்டி வந்து நிறுத்தி, என்ஜினை அணைத்துவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். வெள்ளைப் பவுடர் மேல் கறுப்புக் கோடு ஓடியிருக்கும். கோட்டின் மேல் முனைதான் குற்றவாளி. கண் எட்டாத இடத்துக்கு ஷேவிங் கண்ணாடி, இல்லாவிட்டால் செல்போன் கேமரா.

எங்கள் வண்டியில் கோடு எங்கே ஆரம்பித்தது தெரியுமா? என்ஜினின் உச்சியில்! டேப்பட் கவரின் பின்மூலையில் கார்க் பேக்கிங் காய்ந்து சுருங்கிப் போயிருந்தது. அங்கிருந்து என்ஜின் முதுகு வழியாக இறங்கி, பெல் ஹவுசிங்கைச் சுற்றி, கீழே வந்து சொட்டியது. மேலே ஒழுகியது, கீழே பழி. ஒர்க்‌ஷாப்காரர் எங்களை ஏமாற்றப் பார்த்தார் என்று சொல்ல மாட்டேன். அவரும் என்னைப் போல சொட்டுகிற இடத்தை மட்டும் பார்த்திருக்கிறார்.

புதுப் பேக்கிங் போட்டதும் பெரிய ஒழுகல் நின்றது. ஐநூறு ரூபாய்கூட ஆகவில்லை. பெல் ஹவுசிங் அடியில் இன்னும் லேசான கசிவு இருக்கிறது. இந்த வகைப் பழைய என்ஜின்கள் பலவற்றில் கிராங்க் பின்பக்கம் இன்று உள்ளது போல ரப்பர் சீல் கிடையாது. எண்ணெயைத் திருப்பி உள்ளே தள்ளும் திருகு வெட்டு மட்டுமே உண்டு. கொஞ்சம் கசியத்தான் செய்யும். அளவைக் கவனித்து வந்தால் போதும்.

அளவை எப்படிக் கவனிப்பது? சுமார் 20 சொட்டு ஒரு மில்லிலிட்டர் என்று வையுங்கள். நிமிஷத்துக்கு ஒரு சொட்டு என்றால் ஒரு நாளைக்கு 1,440 சொட்டு, அதாவது 72 மில்லி. ஒரு மாதத்தில் இரண்டு லிட்டருக்கு மேல்! ராத்திரி முழுவதும் நாலைந்து சொட்டுதான் என்றால் கவலை வேண்டாம், டிப் ஸ்டிக்கைப் பார்த்து வந்தால் போதும்.

இன்னொன்று. எந்த சீலையும் மாற்றும் முன் பிரீதர் குழாயைப் பாருங்கள். பிஸ்டனைத் தாண்டி வரும் வாயு என்ஜின் அடிப்பாகத்தில் சேரும். அது வெளியேற வைத்த மூச்சுக்குழாய்தான் பிரீதர். அது அடைத்துக்கொண்டால் உள்ளே அழுத்தம் ஏறி, நல்ல பேக்கிங் வழியாகவும் எண்ணெய் பிதுங்கும். பின் ஆக்சிலுக்கும் இதே கதைதான். எங்கள் பிரீதரிலிருந்து ஒரு கை மசி எடுத்தேன்.

சின்ன ஈரம், பெரிய ஆபத்து

கழுவித் துடைக்கும்போது இடது பின் டயரின் உள்பக்கச் சுவரில் ஒரு ஈரக் கறையைப் பார்த்தேன். தரையில் சொட்டவே இல்லை. மழையில் ஓட்டியதால் என்று நினைத்து விடப் பார்த்தேன். ஆனால் மற்ற மூன்று டயரும் காய்ந்திருந்தன.

பின் சக்கரத்தில் ஈரம் என்றால் இரண்டில் ஒன்று. ஆக்சில் சீல் போய் கியர் ஆயில் வரலாம். வீல் சிலிண்டர் போய் பிரேக் ஆயில் வரலாம். துணியில் ஒற்றி முகர்ந்தேன், கந்தக நாற்றம் இல்லை. டம்ளர் தண்ணீரில் பிழிந்தேன். மிதக்கவில்லை, கரைந்தது.

"அப்பா, பிரேக் ஆயில் டப்பாவில் ஊத்துவீங்களா?" என்று கேட்டேன். "மாசம் ஒருக்கா கொஞ்சம் ஊத்துவேன், பழைய வண்டி குடிக்கும்" என்றார். நண்பர்களே, பிரேக் ஆயில் குடிக்கிற வண்டி கிடையாது! அது மூடிய சுற்று. லைனிங் தேயத் தேய அளவு மெல்ல இறங்கும், அவ்வளவுதான். மாதாமாதம் ஊற்ற வேண்டியிருந்தால் எங்கோ ஒழுகுகிறது என்று அர்த்தம்.

பாஸ்கல் விதி படித்திருக்கிறோம். நாம் மிதியில் கொடுக்கும் அழுத்தம் திரவம் வழியாக நான்கு சக்கரத்துக்கும் போகிறது. ஒரு ரப்பர் வாஷர் கிழிந்தால் அழுத்தம் அந்த வழியாகத் தப்பிவிடும். ஒற்றைச் சுற்று மாஸ்டர் சிலிண்டர் உள்ள பழைய கார்களில் ஒரு சக்கரத்துக் கோளாறு நான்கு பிரேக்கையும் ஒன்றாகப் பறித்துவிடும். லைனிங் நனைந்தால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். நம் ஊர்க் கடல் காற்றின் உப்பு பிரேக் குழாய்களை வெளியிலிருந்து அரிக்கிறது. பிரேக் ஆயில் இழுத்துக்கொள்ளும் ஈரம் உள்ளிருந்து அரிக்கிறது.

வீட்டில் ஒரு சோதனை: வண்டி நிற்கும்போது, என்ஜினை அணைத்துவிட்டு, பிரேக்கை ஒரு நிமிஷம் அழுத்திப் பிடியுங்கள். மிதி மெல்ல மெல்ல இறங்கினால் அந்த வண்டியை எடுக்காதீர்கள். எங்கள் வண்டியில் இறங்கியது.

எல்லோரும் பயந்தது தரையில் கிடந்த கறுப்புக் குட்டையைப் பார்த்து. அதனால் நஷ்டம்தான் வரும், உயிர் போகாது. உயிரை வாங்கக்கூடியது, தரையில் விழாத அந்தச் சின்ன ஈரம். 22,000 செலவழித்து என்ஜினை இறக்கியிருந்தாலும் அது அப்படியே இருந்திருக்கும்.

சத்தம் எப்போது வருகிறது?

இனி கடகட விஷயம். நான் அடியில் படுத்துக்கொண்டு எல்லாவற்றையும் தட்டிக்கொண்டிருந்தேன். அப்பா சொன்னார்: "சத்தம் எங்க வருதுன்னு தேடாதடா. எப்ப வருதுன்னு முதல்ல பாரு."

இது எந்தப் புத்தகத்திலும் நான் பார்க்காத பாடம். இரும்பு சத்தத்தைக் கடத்தும். முன்னால் எழுந்தது பின்னால் கேட்கும். ஆனால் நேரம் பொய் சொல்லாது. அப்பா சொல்லச் சொல்ல நான் நோட்டில் எழுதியது இது:

வண்டி நின்றபடி என்ஜின் மட்டும் ஓடும்போது வந்தால்: சைலன்சர் கிளாம்ப், தொங்கும் ரப்பர், என்ஜின் மவுன்டிங்.

பள்ளத்தில் இறங்கும்போது மட்டும் வந்தால்: ஷாக் அப்சார்பர் புஷ், பட்டை ஸ்பிரிங்கின் ஷேக்கிள் புஷ், தளர்ந்த யூ போல்ட்.

கிளட்ச் விட்டு நகரும்போது 'டக்' என்று ஒரே ஒரு அடி, ரிவர்ஸ் எடுக்கும்போது இன்னொரு அடி என்றால்: புரொபெல்லர் ஷாஃப்டின் கிராஸ் ஜாயிண்ட்.

வேகம் ஏற ஏற அதிர்வும் ஏறினால்: அதே ஷாஃப்ட், அல்லது சக்கரம்.

பிரேக் போடும்போது மட்டும் வந்தால்: டிரம்முக்குள் லைனிங், ஸ்பிரிங்.

எப்போது என்று தெரிந்துகொண்ட பிறகு, கையால் சோதியுங்கள். ஆறிய சைலன்சரை முஷ்டியால் லேசாகக் குத்துங்கள், கடகடத்தால் தெரிந்துவிடும். மூட்டுகளில் கரிப்புகைக் கோடு இருந்தால் அங்கே புகை கசிகிறது. வண்டியின் மூலையை அழுத்தி விடுங்கள், இரண்டு மூன்று முறைக்கு மேல் ஆடினால் ஷாக் அப்சார்பர் தளர்ந்துவிட்டது. சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, என்ஜினை அணைத்து, கியரை நியூட்ரலில் வைத்து, கிராஸ் ஜாயிண்டின் இரு பக்கத்தையும் பிடித்து எதிர் எதிராகத் திருகுங்கள். ஆட்டம் இருக்கவே கூடாது.

எல்லாவற்றுக்கும் முன் டிக்கியைக் காலி செய்யுங்கள்! நான் இரண்டு நாள் அடியில் படுத்துத் தேடிய கடகடவில் பாதி, ஸ்டெப்னிக்கு அடியில் கிடந்த ஜாக்கிக் கம்பி. அதைக் கோணியில் சுற்றி வைத்ததும் அந்தச் சத்தம் நின்றது. மீதிப் பாதி, உப்புக் காற்றில் அரித்துப்போன சைலன்சர் கிளாம்ப். 'டக்' சத்தம் மட்டும் கிராஸ் ஜாயிண்ட். "அது ஆறு மாசமா எனக்குத் தெரியுமே" என்றார் அப்பா. "ஏம்ப்பா சொல்லல?" என்றேன். "நீ கேக்கலியே" என்றார்.

எதை நாம் செய்யலாம், எதை விடலாம்?

கண்டுபிடிப்பது வேறு, சரி செய்வது வேறு. டேப்பட் கவர் பேக்கிங்கும் சைலன்சர் கிளாம்ப்பும் நாங்களே போட்டோம். பிரேக்கில் நான் கை வைக்கவில்லை. வண்டியை ஓட்டாமல், மெக்கானிக்கை வீட்டுக்கு அழைத்து வந்து, வீல் சிலிண்டர் மாற்றி, லைனிங் மாற்றி, காற்று எடுக்கச் சொன்னோம். கிராஸ் ஜாயிண்டையும் அவரே மாற்றினார். டிரம்மைக் கழற்றியதும் தூசியை வாயால் ஊதப் போனார். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், நுரையீரலுக்குக் கேடு என்று சொல்லி ஈரத்துணி கொடுத்தேன். "படிக்கிற புள்ள சொன்னா சரிதான்" என்று வாங்கிக்கொண்டார். மொத்தச் செலவு அந்த 22,000-இல் கால்வாசியைத் தாண்டவில்லை.

மெக்கானிக்கிடம் போகும்போது "என்ன கோளாறு, பாருங்க" என்று கேட்பதற்கும், "இடது பின் சக்கரத்தில் பிரேக் ஆயில் கசியுது, வீல் சிலிண்டரைப் பாருங்க" என்று சொல்வதற்கும் வித்தியாசம் இருக்கிறது. பதினைந்து வருஷம் முடிந்த சொந்தக் காருக்கு ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை ஆர்.சி. புதுப்பிக்க வேண்டும். அந்தப் பரிசோதனைக்கு முன்பும் இந்தப் பட்டியல் உதவும்.

எங்கள் குடும்பத்தில் பாலிடெக்னிக் வாசலை மிதித்த முதல் ஆள் நான். படித்தவன் என்பதால் எனக்கு எல்லாம் தெரியும் என்று முதல் நாள் நினைத்தேன். நான் வரைந்த படம் சரியான படம்தான், ஆனால் முடிவு தப்பு. அப்பாவின் காதும் கேள்வியும் இல்லாமல் இருந்திருந்தால் தப்பான இடத்தைத் திறந்திருப்பேன். தண்ணீர் டம்ளர் இல்லாமல் இருந்திருந்தால் அப்பாவும் மாதாமாதம் பிரேக் ஆயில் ஊற்றிக்கொண்டே இருந்திருப்பார்.

பிரேக் வேலை முடிந்த பதினோராம் நாள், இரவு இரண்டு மணிக்கு அக்காவுக்கு வலி எடுத்தது. அப்பா ஓட்டினார், நான் முன்சீட்டில். மழை பெய்துகொண்டிருந்தது. ஆஸ்பத்திரி வாசலில் அப்பா பிரேக்கை மிதித்தார், வண்டி நேராக நின்றது. பெண் குழந்தை. தாயும் சேயும் நலம்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு அட்டையை உங்கள் வீட்டு வண்டிக்கு அடியில் விரித்துப் பாருங்கள். டயர்களின் உள்பக்கத்தையும் பார்க்க மறக்காதீர்கள்.



இரண்டாம் ஆண்டு, மெக்கானிக்கல்